பத்து மணிச் சத்தம்

"ஆரம்பிச்சிட்டாருங்க. மணியப் பாருங்க, டாண்ணு பத்து!"

புஷ்பவள்ளி கரண்டியை மேடையில் எறியாத குறையாக வைத்தாள்.

பக்கத்து வீட்டு இஞ்ஞாசிமுத்து காரைத் தேய்த்துப் பளபளப்பாக்கும் காடி போலிஷ் மெஷின் அலறத் தொடங்கியிருந்தது. மெர்கோங் ஊரின் அந்த வரிசை வீடுகளுக்கு நடுவே ஒற்றைச் சுவர்தான். சத்தம் மண்டைக்குள் இறங்கியது.

இந்த மாதம் முழுக்க லீவு நாளிலும் வேலைக்குப் போன அவள் கணவன் சத்தியசீலன், இன்றைக்குத்தான் வீட்டில் இருந்தான்.

"தினமுமா இப்படி?"

"தினமும்லா. ஒரு மாசமா. பொண்டாட்டி ரோசம்மா புற்றுநோய்ல படுத்த படுக்கையா கெடக்குறாங்க, இவருக்குக் காடி பளபளன்னு இருக்கணும். அந்தக் காடியில எங்கயாச்சும் போறாரான்னா, அதுவும் இல்ல."

"நீ சொல்லிப் பாத்தியா?"

"ரெண்டு தடவ. 'கொஞ்சம் பொறுத்துக்கம்மா'ங்குறாரு. மறுநாள் பத்து மணிக்கு மறுபடி ஆரம்பிச்சிடுறாரு. மக செரீனாவுக்கு மத்தியான ஷிப்ட்டு. இந்நேரம் வீட்டுலதான் இருக்குது. அதுவும் அப்பனை ஒரு வார்த்தை கேக்க மாட்டேங்குது. ரோசம்மா ஆன்ட்டிய நெனச்சாதான் பாவமா இருக்கு."

அவர்களுடைய நாலு வயது மகள் கூடத்தில் குப்புறப் படுத்துப் படம் வரைந்துகொண்டிருந்தாள்.

"நான் போய்ப் பேசுறேன்" என்று சத்தியசீலன் எழுந்தான். அவன் வேலை செய்வதே ஒரு காடி போலிஷ் கடையில்தான். அவன் சொன்னால் கேட்பார்.

இஞ்ஞாசிமுத்து பழைய நீலக் காடியின் பானட் மேல் குனிந்து மெஷினை ஓட்டிக்கொண்டிருந்தார். அறுபத்தைந்து வயது. பனியன் வியர்வையில் நனைந்து முதுகோடு ஒட்டியிருந்தது.

"அங்கிள்!"

கத்த வேண்டியிருந்தது. அவர் திரும்பினார். மெஷினை நிறுத்தவில்லை.

பானட்டைப் பார்த்ததும் சத்தியசீலனுக்குத் திக்கென்றது. நடுவில் நீலம் முழுக்கப் போய்ச் சாம்பல் நிற அடிச்சாயம் தெரிந்தது. ஓரிடத்தில் தகரமே வெளியே வந்துவிட்டது.

"என்ன அங்கிள் இது! மெஷின் நல்லதுதான், நான் இல்லன்னு சொல்லல. கையால அரை நாள் தேய்க்கிறத ஒரு மணி நேரத்துல முடிச்சிடும். தோளும் வலிக்காது, சின்னக் கீறலும் போயிடும். ஆனா ஒரே இடத்துல அழுத்துனா சூடு ஏறிச் சாயத்தயே தின்னுடும். வருஷத்துக்கு ரெண்டு தடவ போட்டாப் போதும். தினமும் போட்டா எந்தக் காடி தாங்கும்?"

"தெரியும் தம்பி."

"தெரிஞ்சுமா? ஆசையா இருந்தா துணிய வெச்சுக் கையால தொடைங்க. காடிக்கும் நல்லது, அக்கம்பக்கத்துக்கும் தொந்தரவு இல்ல."

தன் வீட்டின் சாத்தியிருந்த ஜன்னலை அவர் ஒருமுறை பார்த்துவிட்டு மெஷினை இன்னும் அழுத்தினார்.

சத்தியசீலனுக்குக் கோபம் வந்துவிட்டது.

"உள்ள ஆன்ட்டி அந்த நெலமையில கெடக்குறாங்க. கொஞ்சங்கூட எரக்கம் இல்லியா ஒங்களுக்கு?"

சுவரோரம் சொருகியிருந்த வயரைப் பிடுங்கினான்.

மெஷின் அடங்கியது.

வீட்டுக்குள்ளிருந்து ஓர் அலறல் வந்தது.

அது ரோசம்மாவின் குரல் என்று புரியவே அவனுக்குக் கொஞ்ச நேரம் ஆனது. நடுநடுவே செரீனா அழுதபடி, "முடிஞ்சிடுச்சும்மா, இன்னும் கொஞ்சந்தாம்மா" என்று சொல்வதும் கேட்டது.

இஞ்ஞாசிமுத்து பாய்ந்து வந்து வயரை எடுத்தார். அவசரத்தில் துளை அகப்படவில்லை. சத்தியசீலன் வாங்கிச் சொருகினான்.

மெஷின் மறுபடி அலறியது. இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொள்ளவில்லை.

கால் மணி நேரம் கழித்து செரீனா வாசலுக்கு வந்தாள். கையில் ரத்தம் ஊறிய பஞ்சும் துணியும் கட்டிய பிளாஸ்டிக் பை. அப்பாவைப் பார்த்துத் தலையசைத்துவிட்டு உள்ளே போனாள். அவர் மெஷினை நிறுத்தினார்.

"முதுகுல படுக்கைப் புண்ணு தம்பி. எலும்பு வரைக்கும் போயிருச்சு. தினமும் கழுவிக் கட்டு மாத்தணும். ஆஸ்பத்திரி மருந்து குடுத்துட்டுத்தான் செய்றோம், அப்பயும் தாங்க மாட்டேங்குறா."

"டிவியச் சத்தமா வெச்சிருக்கலாமே அங்கிள்..."

"வெச்சுப் பாத்தோம், பத்தல. மாதா கோயில்ல பாடுன குரல்லா அவளோடது."

சத்தியசீலன் தலையைக் குனிந்துகொண்டான்.

"எங்ககிட்டச் சொல்லியிருக்கலாம். புஷ்பா தெரியாம என்னென்னமோ பேசிட்டா."

"சொல்லக் கூடாதுன்னுட்டா. தெரிஞ்சா நீங்க வீட்டுல நிம்மதியா சோறு திங்க மாட்டீங்களாம்."

அவர் வயரைக் கையில் சுற்றினார். பிறகு சத்தியசீலனின் வீட்டுப் பக்கம் பார்த்தபடி சொன்னார்.

"கட்டு மாத்துன மொத நாள், ஒங்க பாப்பா எங்க ஜன்னலோரம் வெளையாடிக்கிட்டிருந்துச்சு. இவ கத்துன கத்துல பயந்து, அழுதுக்கிட்டே ஓடுச்சு. வலியோட வலியா அத ரோசம்மா பாத்துட்டா. 'அந்தப் புள்ளைக்கு என் சத்தம் இனிமே கேக்கவே கூடாது, என்னாச்சும் பண்ணுங்க'ன்னு அன்னிக்கே சொல்லிட்டா தம்பி."