ரெஜிலா போட்ட பூட்டு

நான் சொல்லதுல ஒரு வார்த்த பொய்யின்னா எனக்க சாயக் கெட்டில் நெய்யாத்துல போவட்டு. சத்தியமாக்கும்.

பாறசாலையில ஒரு டிரஸ்டு ஆபீஸ் உண்டு. இடிஞ்ச வீட்ட நன்னாக்க உதவி குடுக்க ஆபீசு. காலச் சாய குடுக்க நான் போனா அங்க ஒரே பெகளம்.

அம்பூரியில எடுத்த வீட்டுப் போட்டோவள, வீடு வீடாப் பாக்கப் போற ரெஜிலா ஒரே ஜிப் ஃபைலா கெட்டி, பொது ஃபோல்டர்ல போட்டிருக்கா. எந்தக் கம்ப்யூட்டர்ல தொட்டாலும் பாஸ்வேர்டு கேக்குது. அவ பூவாருக்கு அடுத்த வீடு பாக்கப் போயிட்டா. ஃபோனும் எடுக்கல்ல.

"அஞ்சு மணிக்குள்ள மேலாபீசுக்கு அனுப்பல்லன்னா அந்தப் பாவங்க இந்த மழைக்கும் நனையும்"ன்னாரு மானேஜர் சிவதாணு சாரு.

வயரப் புடுங்கிக் குத்தினாரு. ஆஃப் பண்ணி ஆன் பண்ணினாரு. பெறவு தனக்க பொறந்த நாள அடிச்சுப் பாத்தாரு.

"உங்க பொறந்த நாளையா சாரே அவ பூட்டுக்கு வைப்பா?"ன்னு கேட்டா சரோஜம்.

சரோஜத்தப் பத்திச் சொல்லணும். போட்டோ வந்தா எல்லாருங்கூடி பெரிய ஸ்கிரீன்ல போட்டுப் பாக்கது அங்க வழக்கம். "இது வீடா, கோழிக்கூடா?"ன்னு அவ கேப்பா. ஆபீசே சிரிக்கும். அவளுக்க வீடு ரெண்டு நெலையாக்கும். மாடியில ஊஞ்சலும் உண்டு. அவளே சொன்னது. யாரும் போய்ப் பாத்ததில்ல.

"பொதுச் சாதனத்துக்குப் பூட்டு போட அவ யாரு? வேலைய விட்டு அனுப்புங்க சாரே."

சாரு மெமோ எழுதப் பேப்பர் எடுத்தாரு.

நாலு மணிச் சாய குடுக்க நான் போவும்ப ரெஜிலா வந்தா.

"பூட்டினது நான்தான் சாரே. இப்பவே அனுப்பிருகேன்."

"எதுக்குடீ பூட்டினே?" சரோஜம் சாடி விழுந்தா.

"அக்கா மட்டும் வாருங்க, காட்டுகேன்."

மூலைக் கம்ப்யூட்டர்ல தொறந்தா. சாயக் கிளாஸ் எடுக்க சாக்குல நான் பின்னால நின்னேன்.

சரிஞ்ச சொவரு. ஓலைக்கு மேல நீலத் தார்ப்பாய். வாசல்ல நிக்கது சரோஜத்தக் கெட்டின மாப்பிள. கொடியில காயுதது அவ ஆபீசுக்கு உடுத்துட்டு வாற மஞ்சச் சேல.

"உதவி கேட்டு அபேட்ச எழுதிக் குடுத்தத அண்ணன் சொல்லல்லியா அக்கா?"ன்னு ரெஜிலா பைய கேட்டா.

இல்லன்னு சரோஜம் தலைய ஆட்டினா.

"என்னவாக்கும் உள்ள?"ன்னு சாரு அங்க இருந்தே கேட்டாரு.

"ஒண்ணுமில்ல சாரே." சரோஜம் மூக்க உறிஞ்சினா. "பூட்டு அங்ஙனயே கெடக்கட்டு. இனி வாறதுக்கும் போடட்டு."

படம் அஞ்சு மணிக்கு மின்னால போச்சு. மெமோ சாருக்க குப்பக்கூடைக்குப் போச்சு.

சரோஜம்ங்கது மட்டும் கள்ளப்பேரு. அந்தப் பொய்யுக்குக் கெட்டில் போனா போவட்டு. நெசப் பேர நானும் பூட்டி வச்சிருக்கேன், பழம்பொரி வாங்கித் தந்தாலும் தொறக்க மாட்டேன்.

ஆனாலும் ரெண்டு வாங்கித் தாருங்க மக்கா. கத சும்மாவா கேட்டிய?