பாய்மரத்தின் உயரம்

"கார்பன்ல உயரமான பாய்மரம் போட்டா நம்ம பழைய கேட்டமரான், இந்த ரெட்டை உடல் படகு, பறக்கும், மரே," என்றாள் லோர்னா.

"வேண்டாம். இப்ப இருக்கிறதைவிடக் குட்டையா இருந்தா போதும்," என்றார் அவள் கணவர் மரே.

"அறுபது வயசுல காத்தைக் கண்டு பயம் வந்துடுச்சா? குட்டை மரத்தோட டோங்கா தீவுக்குப் போய்ச் சேர மாசக்கணக்காகும்." சிரித்துக்கொண்டே அவள் தேநீர் வாங்கப் போனாள்.

நியூசிலாந்தின் ஃபாங்கரே துறைமுகத்தில் பாய்மரம் மாட்டித் தரும் ரங்கிக்கும் புரியவில்லை. "அவங்க சொல்றதுதான் சரி. பெரிய பாயை இழுக்க ரெண்டு பேர் இருக்கீங்களே?"

மரே குரலைத் தாழ்த்தினார். "புத்துநோய் பரவிடுச்சு. கிறிஸ்மஸைத் தாண்டமாட்டேன்னு டாக்டர் சொல்லிட்டார். அவகிட்ட இன்னும் சொல்லல. நான் போனப்புறமும் அவ படகை விடமாட்டா. தனியா சமாளிக்கணும்."

ரங்கி அளவு நாடாவை எடுத்தார்.

"லோர்னாவுக்குக் கை எவ்வளவு உயரம் எட்டும்?"