அரை மீட்டிங் அக்கா

“இந்தப் புதன்கிழமையும் பாதியில கிளம்பிட்டாங்களா?” காலி நாற்காலியைப் பார்த்துக் கேட்டார் பேராசிரியர்.

“ஆமா சார். பையைத் தூக்கினாங்க, போயிட்டாங்க” என்றான் மன்றத்தின் செயலாளர், ஆராய்ச்சி மாணவன்.

அறை முழுக்கச் சிரிப்பு. அவளுக்கு மாணவர்கள் வைத்த பெயரே ‘அரை மீட்டிங் அக்கா’.

வேதியியல் துறையில் ஆராய்ச்சியாளர். பள்ளிச் சுவர்களுக்கு அடிக்கிற பெயின்டில் எவ்வளவு ஈயம் இருக்கிறது என்பதுதான் அவள் ஆய்வு.

பெயின்டில் ஈயத்தைக் கட்டுப்படுத்தப் புதிய சட்டம் ஒன்று தயாராகிக்கொண்டிருந்தது. அதில் பள்ளிச் சுவர் பற்றிய விதியை மட்டும் சத்தமில்லாமல் எடுத்துவிடப் பார்க்கிறார்கள் என்று பேச்சு. சுவரைச் சுரண்டி விரலை வாயில் வைக்கிற வயசுப் பிள்ளைகள் படிக்கிற இடம். சட்டக் குழுவின் தலைவியைப் பார்த்து எடுத்துச் சொல்ல வேண்டும் என்று பேராசிரியர் ஒரு மன்றமே ஆரம்பித்துவிட்டார்.

‘ஆய்வகத்தை விட்டு வெளியே வாருங்கள்’ என்பது மன்றத்தின் முழக்கம். இதுவரை அவர்கள் வெளியே வந்தது டீ குடிக்க மட்டும்தான். சின்னம் பச்சையா நீலமா என்பதிலேயே பல கூட்டங்கள் கரைந்திருந்தன.

“அவங்க ஆய்வை வச்சுத்தான் நாம பேசவே போறோம். அவங்களுக்கே அக்கறை இல்லைன்னா எப்படி சார்?” என்றாள் ஒரு மாணவி.

“பட்டமும் வாங்கியாச்சு, வேலையும் கிடைச்சாச்சு. இனி ஊரான் பிள்ளை எக்கேடு கெட்டா அவங்களுக்கு என்ன?” என்றான் செயலாளர்.

மறுநாள் அவளை ஆய்வக வாசலிலேயே மடக்கினான்.

“தலைவியம்மாவைப் பார்க்க நேரம் கிடைச்சிருக்கு அக்கா. அதுக்காவது முழுசா வருவீங்களா?”

“நீங்க போயிட்டு வாங்க தம்பி. நல்லாப் பேசுவீங்க.”

“பயமா அக்கா?”

“அத்தனை பேர் எதுக்கு? எனக்குக் கூட்டத்துல பேச வராது” என்று சிரித்துவிட்டு உள்ளே போய்விட்டாள்.

விஷயம் பேராசிரியர் காதுக்குப் போனது.

“இந்த மாதிரி ஆளுங்களாலதான் விஞ்ஞானின்னா யாரும் மதிக்கிறதில்ல. முதல்ல வாட்ஸ்அப் குரூப்ல இருந்து அவங்களைத் தூக்கு.”

தூக்கினான். கூடவே இரண்டு பேர் கைதட்டுகிற படம் போட்டார்கள்.

தலைவியம்மாவின் அலுவலகத்துக்கு எல்லோரும் ஒரே நிறச் சட்டையில் போனார்கள். நீலம் ஜெயித்திருந்தது.

செயலாளர் முதல் வாக்கியத்தையே இரண்டு தடவை ஆரம்பித்தான். ஆனால் அந்த அம்மா அவசரப்படுத்தவில்லை. கன்னத்தில் கை வைத்துக் கேட்டார்.

“இந்த ஈயம் கண்ணுக்குத் தெரியுமாப்பா?”

“தெரியாதும்மா. அதுதான் ஆபத்தே” என்றான். அதற்குப் பிறகு அவனுக்குப் பேச்சு தானாக வந்தது. சுரண்டுகிற சுவர், வாய்க்குப் போகிற விரல், மந்தமாகிப்போகிற பிள்ளை என்று ஒவ்வொன்றாகச் சொன்னான். மாணவி கூடச் சேர்ந்துகொண்டாள். பேராசிரியர் நடுநடுவே தொண்டையைச் செருமினார்.

“நீங்க சொல்றது நியாயம்” என்றார் அம்மா கடைசியில். “அந்த விதி அப்படியே இருக்கும். தைரியமாப் போங்க.”

வெளியே வந்ததும் மாணவி அழுதேவிட்டாள். செயலாளருக்குக் கால் தரையில் நிற்கவில்லை. இனி ஆறு, காற்று, மருந்து என்று எதற்கு வேண்டுமானாலும் யாரிடமும் போய்ப் பேசலாம் என்று தோன்றியது.

பேராசிரியர் அதற்குள் போனை முகத்துக்கு நேரே பிடித்து வீடியோவில் முழங்கிக்கொண்டிருந்தார்.

“ஒரே சந்திப்பு. சாதிச்சுட்டோம். ஆய்வகத்துக்குள்ள ஒளிஞ்சுக்கிட்டு, ஊர் எப்படிப் போனா என்னன்னு இருக்கிற சில பேருக்கு இது செருப்படி.”

“சரியாச் சொன்னீங்க சார்” என்றான் செயலாளர். யாரைச் சொல்கிறார் என்று எல்லோருக்கும் தெரியும்.

“பேனர் எங்கப்பா? பேனர் இல்லாம என்ன போட்டோ?”

உள்ளே விட்டுவிட்டு வந்திருந்தார்கள். செயலாளர் ஓடினான்.

அம்மாவின் உதவியாளர் பேனரைச் சுருட்டி எடுத்துக் கொடுத்தார்.

“ஆமா, அந்த ஆராய்ச்சியம்மா வரலையா?”

“எந்த ஆராய்ச்சியம்மா?”

“அதாம்ப்பா, சுவர்ல சுரண்டின பெயின்ட டப்பாவுல போட்டு எடுத்துட்டு வருவாங்களே. மனு கொடுக்க வர்றவங்களோட வரிசையில நிப்பாங்க. அம்மாவுக்கு முதல்ல ஒண்ணும் புரியல. விடல அவங்க. வாரா வாரம் புதன்கிழமை சாயங்காலமானா பையும் கையுமா வந்துடுவாங்க. இப்ப எனக்கே மனப்பாடம். விதி இருக்கும்னு குழுவுல போன வாரமே முடிவாயிடுச்சே.”

செயலாளர் கையில் பேனரோடு நின்றான்.

“அப்புறம் ஏன் அம்மா எங்ககிட்ட அவ்வளவு நேரம் கேட்டாங்க?”

“அந்த ஆராய்ச்சியம்மாதான் எங்கம்மாகிட்ட கேட்டுக்கிட்டாங்க. ‘பசங்க முதல் தடவையா வெளிய வர்றாங்கம்மா. நாம பேசினா நடக்கும்னு தோணினாத்தான் அடுத்த தடவையும் வருவாங்க. புதுசாக் கேக்கற மாதிரியே கேளுங்க’ன்னாங்க. எப்படி, எங்கம்மா நல்லாத்தானே கேட்டாங்க?”