சத்தம் பத்தாது

"இது பத்தாது. இன்னும் சத்தமா வேணும்" என்றார் அதிகாரி.

மெக்கானிக்கின் கையிலிருந்த ஸ்பேனர் நழுவி விழுந்தது. எவன் வேண்டுமானாலும் இதைக் கேட்கலாம். இந்த மனிதர் கேட்கலாமா? இரைச்சல் தடுப்புத் துறையில் இவர் கோலோச்சிய நாளில், இவர் தலை தெரிந்தாலே லாரிகள் ஹாரனை விழுங்கிக்கொண்டு போகும். சத்தமான சைலன்சர் விற்றதற்காக இதே கடையின் ஷட்டரில் அரக்கு வைத்து சீல் போட்டவரும் இவர்தான்.

"இதுக்கு மேல போனா சட்டப்படி தப்பு சார்" என்றான், வாத்தியார் முன்னால் ஒப்பிக்கிறவன்போல.

"எனக்கே சட்டம் சொல்றியா?"

ஜீப்பும் டிரைவரும் பதவியோடு போய்விட்டதால், இன்ஜின் பூட்டிய சைக்கிளில் வந்திருந்தார். இறங்கும்போதே மெக்கானிக் கவனித்தான்: கதவைச் சாத்துவதற்காக அவர் கை தன்னால் பின்னே போனது. சைக்கிளுக்குக் கதவில்லை என்பது உறைத்ததும், அந்தக் கையாலேயே சீட்டில் இல்லாத தூசியைத் தட்டிவிட்டார். கடையில் காத்திருந்த இரண்டு பேர் அவரைப் பார்த்த மாத்திரத்தில் வண்டியைத் தள்ளிக்கொண்டு நழுவிவிட்டார்கள்.

"ரிட்டயர் ஆயிட்டீங்கன்னு கேள்விப்பட்டேன் சார்" என்று மெக்கானிக் நூல் விட்டுப் பார்த்தான்.

"பேருக்குத்தான் ரிட்டயர்மென்ட். ஆபீஸ்ல என்னை எங்க விடுறாங்க? எதுக்கெடுத்தாலும் 'ஐயா, ஐயா'ன்னு வாசல்ல வந்து நிக்கிறாங்க."

சொல்லிவிட்டு, பெஞ்சின் மேல் வைத்திருந்த போனை ஒரு பார்வை பார்த்தார். வந்ததிலிருந்து அது ஒரு தடவைகூட அடிக்கவில்லை. ஆனாலும் நிமிஷத்துக்கொரு முறை அவர் கண் அதன் மேலேயே போய் நின்றது.

மெக்கானிக்குக்குப் புரிந்துவிட்டது. தெருமுனையில் ஆட்கள் தயாராக நிற்கிறார்கள். இவர் கையில் சைலன்சர் வந்த மறுநொடி போன் போகும். அரக்கும் மெழுகுவர்த்தியுமாக வந்து இறங்குவார்கள். போன தடவை ஷட்டரின் சீல் பிரிக்கும்வரை, மனைவியின் தையல் மிஷின் தயவில்தான் வீட்டில் அடுப்பு எரிந்தது.

டீ வரவழைத்தான். "நீயும் உக்காரு. என்ன அவசரம்?" என்றார் அதிகாரி. விசாரணை ஆரம்பமாகிவிட்டது என்று நினைத்துக்கொண்டு, ஸ்டூலின் நுனியில் ஒட்டிக்கொண்டான்.

"அளவுக்கு மேல சத்தம்னு ஒரு புகார் வந்துட்டா போதும், போன்ல எல்லாம் முடிக்கக் கூடாது. ஆள் நேர்ல போகணும், கதவைத் தட்டணும், உக்காந்து விசாரிக்கணும். நான் போட்ட உத்தரவு! இன்னிக்கு வரைக்கும் எவனாலும் மாத்த முடியல."

"தெரியும் சார். நல்லாவே தெரியும்" என்றான் மெக்கானிக், ஷட்டரைப் பார்த்தபடி.

எழுந்துபோய், கடையில் இருப்பதிலேயே சாதுவான சைலன்சரை எடுத்துவந்து மாட்டினான். கிளப்பியதும் இன்ஜின், பால் குடித்த பூனைபோலக் குறுகுறுத்தது.

"பாருங்க சார், பக்கத்துல தூங்குற குழந்தைகூட முழிக்காது."

"புகார் வருமா?"

"சத்தியமா வராது சார்!"

"வராதா?" அதிகாரியின் முகம் காற்றுப்போன டியூப் மாதிரி தொங்கிவிட்டது. விரித்த வலையில் மீன் விழவில்லையே என்ற வருத்தம் போலும். மெக்கானிக் உள்ளுக்குள் சிரித்துக்கொண்டான்.

அந்தச் சிரிப்பு முடிவதற்குள் அவர் விரல் சுவரைக் காட்டியது. அங்கே ஆணியில், நடுவில் வயிறு பருத்து வால் சிறுத்த குழாய் ஒன்று பளபளவென்று தொங்கியது.

"அது என்ன?"

"அது ரேஸ் விடுற பசங்க கேக்குறது சார். விக்கிறதுக்கு இல்ல. சும்மா, அழகுக்கு..."

"மாட்டு."

"சார்..."

"மாட்டுன்னா மாட்டுய்யா!"

அதே பழைய குரல். மெக்கானிக்கின் கை தன்னால் நட்டைக் கழற்றியது. புதுக் குழாயோடு இன்ஜின் கிளம்பியதும் கூரைத் தகரம் அதிர்ந்தது. பெஞ்சிலிருந்த டீ கிளாஸ்கள் ஒன்றோடொன்று முட்டிக்கொண்டன. அதிகாரியோ, பாராட்டு விழாவில் தன் புகழைக் கேட்கிறவர்போலக் கண்ணை மூடி ரசித்தார்.

"இதான்! இதுக்கு நேர்ல வந்துதான் ஆகணும்."

மெக்கானிக் தெருமுனையை எட்டிப் பார்த்தான். "சார், யாராவது புகார் கொடுத்துட்டா என்ன பண்றது?"

"யாராவது என்ன யாராவது? நான்தான் கொடுக்கப்போறேன். இன்னிக்கே."

அவ்வளவுதான். கிரீஸ் கையோடு மெக்கானிக் கும்பிட்டுவிட்டான். "பிள்ளைகுட்டிக்காரன் சார்! திரும்பவும் கடையை மூடிடாதீங்க சார்!"

"அட, உன் மேல யாருய்யா கொடுக்கப்போறா? என் மேல."

"உங்க மேல நீங்களேவா? எதுக்கு சார்?"

அதிகாரி இன்ஜினை அணைத்தார். திடீரென்று கடை முழுக்க அமைதி. பெஞ்சிலிருந்த போனை எடுத்து, திரையைச் சட்டையில் துடைத்துப் பையில் போட்டுக்கொண்டார்.

"அப்பத்தானேப்பா வீட்டுக்கு யாராவது வருவாங்க."