சுவரின் சூடு

ஜெர்மனியில், கெல்சென்கிர்ச்சன் நகரின் அந்தப் பழைய வரிசை வீடுகளில் இரண்டு வீட்டுக்கு ஒரு செங்கல் புகைபோக்கி. கலாதேவி வீட்டுப் புகைபோக்கியைத் திருத்தும் வரை குளிர்காயும் அடுப்பு மூட்டக் கூடாது என்று ஆய்வாளர் எழுதிக் கொடுத்துவிட்டார். பக்கத்து வீட்டுக்கோ அடுத்த வாரம் ஒரு புதுக் குடும்பம் வருகிறது.

அதைத் திருத்த வந்த மேசன் லவன் கூரையிலிருந்து இறங்கி வந்தான். கலாதேவி தேத்தண்ணியை நீட்டினாள்.

"வெளியில ஒண்டுதான் அன்ரி. உள்ளுக்க ரெண்டு குழாய். உங்கட புகைக்கு ஒண்டு, பக்கத்து வீட்டு ஆக்களின்ர புகைக்கு ஒண்டு. நடுவில ஒரு கல்லுத் தடிப்பில சுவர். அதில நாலு கல்லு விழுந்து கிடக்கு."

"அப்ப என்ர புகை?"

"பாதி அங்கால போகும். அவையின்ர அடுப்பு எரிஞ்சால் சூட்டில மேல இழுபட்டிடும். எரியாட்டி, குழாய் குளிர்ந்து, நச்சுக்காற்று கீழ அறைக்குள்ள இறங்கும். மணமே இராது. நித்திரையிலயே ஆள் முடிஞ்சிடும். நல்ல காலம், அங்கால வீடு வெறுமையாக் கிடக்கு."

"கல்லு எப்ப விழுந்தது?"

"கரி படிஞ்சிருக்கிறதைப் பார்த்தால் ரெண்டு வருசம் இருக்கும்."

கலாதேவி தலையாட்டினாள்.

போன தை மாதம் பக்கத்து வீட்டு ஹில்டாவின் அடுப்பு பழுதாகிவிட்டது. "உங்கள் பக்கத்துச் சுவர் சூடாக இருக்கிறது. அதை ஒட்டித்தான் படுக்கிறேன்" என்றாள். அன்றிலிருந்து கலாதேவி தன் அடுப்பில் தினமும் இரண்டு நிலக்கரிக் கட்டி கூடுதலாகப் போட்டாள், ஹில்டாவுக்காக.

நாலாம் நாள் ஹில்டா எழும்பவில்லை. வயதான இதயம் என்றார் மருத்துவர்.

"தேத்தண்ணிக்குச் சீனி காணுமோ, லவன்?" என்று கேட்டாள் கலாதேவி.