ஒட்டுத்தாளுக்கு அடியில்

முதல் அநியாயம், அந்தச் சின்ன ஆம்ப்ளிஃபயரின் நெற்றியிலிருந்த பெயரை மறைத்துக் கடைக்காரர் ஒரு வெளிநாட்டுப் பெயரை ஒட்டியது. இரண்டாவது, அதன் பலத்துக்கு மீறிய பெரிய ஸ்பீக்கர்களோடு அதைப் பூட்டிவிட்டு, இரைகிறது என்று திட்டியது. மூன்றாவது, அதைக் கதவுக்கு முட்டாக வைத்தது. இன்று விலைபோகாவிட்டால் நாளை காயலான் கடை.

"உன்னை எவன்டா கேட்கப்போறான்?" என்றது ஆளுயர ஸ்பீக்கர்.

"கேட்கத் தெரிஞ்சவன் கேட்பான்," என்றது ஆம்ப்ளிஃபயர் விறைப்பாக.

"எங்களோட சேர்ந்து பாடுண்ணே," என்றன அலமாரியிலிருந்த இரண்டு குட்டி ஸ்பீக்கர்கள். "சின்ன அறைக்கு நாம போதும்."

அன்று கடைக்கு வாங்க வந்தவள் சின்ன அறையில் குடியிருப்பவள்தான். கடைக்காரர் முதலில் போட்டுக்காட்டிய ஆளுயர ஸ்பீக்கர் அதிர்ந்ததில் கடைக் கண்ணாடி குலுங்கியது. பாட்டின் சொல் ஒன்றும் விளங்கவில்லை. பிறகு ஆம்ப்ளிஃபயரையும் குட்டி ஸ்பீக்கர்கள் இரண்டையும் இணைக்கச் சொன்னாள். பாடகி மூச்சு வாங்குவதுகூடத் தெளிவாகக் கேட்டது.

"இதையே எடுத்துக்கிறேன்," என்றவள், ஓரம் கிழிந்திருந்த ஒட்டுத்தாளை நகத்தால் உரித்தாள். அடியில் கையால் கீறிய எழுத்துகள் இருந்தன.

கடையிலிருந்த அத்தனை பெட்டிகளும் கேட்க, அவள் உரக்கப் படித்தாள்: "செய்தவர், வேம்பரசி."