மிஸ் ஹட்சனுக்குப் பிடித்தது

“காசா குடுத்தா டீச்சர் மூஞ்சி சுருங்கிடாதா? ஹோட்டல்ல டிப்ஸ் வைக்கிற மாதிரி இருக்குமே!”

“சுருங்கினா சுருங்கட்டும். வீட்டுக்குப் போய்ப் பிரிச்சுப் பாத்ததும் மலர்ந்துடும்.”

டார்லா சிரித்துவிட்டாள். நாளையோடு பள்ளி ஆண்டு முடிகிறது; தன் பிள்ளையின் டீச்சருக்குப் பரிசு வாங்க வந்திருந்தாள். அமெரிக்காவின் டேட்டன் நகரத்து சூப்பர் மார்க்கெட்டில், கடைகளில் காசுக்குப் பதில் நீட்டும் பரிசு அட்டைகள் தொங்கும் இடத்தில் அவளைப் போலவே இன்னொருத்தியும் நின்றிருந்தாள். முன்பின் தெரியாதவள்தான், ஆனாலும் பேச்சு ஒட்டிக்கொண்டது.

“இல்லைங்க, எங்க மிஸ் ஹட்சனுக்குக் காபின்னா உயிர். வருஷ ஆரம்பத்துல ‘உங்களுக்கு என்ன பிடிக்கும்’னு ஸ்கூல்ல கேட்டப்போ அவங்களே எழுதிக் குடுத்தாங்க.”

“பின்னே, வாடகைப் பணம் பிடிக்கும்னா எழுத முடியும்?”

“நல்லா நக்கல் பண்றீங்க! நீங்க உங்க பிள்ளையோட டீச்சருக்கு என்ன வாங்கப் போறீங்க?”

“எனக்குப் பிள்ளை இல்லைங்க.”

அவள் கைப்பையைத் திறந்து காட்டினாள். ‘நன்றி டீச்சர்’ என்று பிஞ்சுக் கைகள் கோணல்மாணலாக எழுதிய உறைகள். எல்லாவற்றிலும் ஒரே காபிக் கடையின் அட்டை.

“நானும் காபின்னுதான் எழுதிக் குடுத்தேன். கடையில இதைக் காசா மாத்தித் தர மாட்டேங்குறாங்க. நாளைக்குள்ள வாடகை கட்டலைன்னா வீட்டுப் பூட்டை மாத்திடுவாங்க.”

டார்லா தன் கையிலிருந்த காபி அட்டையைப் பார்த்தாள்.

“எப்படியும் உங்க டீச்சருக்கு ஒண்ணு வாங்கத்தானே போறீங்க?” அவள் ஓர் உறையை நீட்டினாள். “அதை என்கிட்ட வாங்கிக்கிறீங்களா, பாதிக் காசு குடுத்தாக்கூடப் போதும்?”